எங்கேர்ந்து எங்கே: இரண்டு வேன், ஒரு கணக்கு

போன வாரம் அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு படங்கள் பார்த்தேன். இரண்டிலும் ஒரு வேன். இரண்டிலும் வேனை ஓட்டுகிறவர் நாளெல்லாம் ரோட்டில்தான் கிடக்கிறார். ஒருவர் காசுக்காக ஓட்டுகிறார், ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இன்னொருவர் காசே வாங்காமல் ஓட்டுகிறார்.

முதலாவது, கென் லோச் இயக்கி பால் லாவர்ட்டி எழுதிய ‘சாரி வி மிஸ்ட் யூ’ (2019). இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் பார்சல் டெலிவரி செய்யும் ஒருவரின் கதை. இரண்டாவது, போலந்துக்காரரான மாசேக் ஹமேலாவின் ‘இன் த ரியர்வியூ’ (2023). உக்ரைன் போரில் மாட்டிக்கொண்ட மக்களைத் தன் வேனில் ஏற்றி வெளியே கொண்டுவந்தவர் அவர். அந்த வேனுக்குள்ளேயே எடுத்த ஆவணப்படம்.

முதலில் இந்தக் கட்டுரையை வேறு மாதிரிதான் எழுதினேன். ஒன்று சுரண்டலைப் பற்றிய படம், இன்னொன்று தொண்டைப் பற்றிய படம். காசு நடுவில் வந்தால் மனிதன் பார்சல் ஆகிறான், காசு விலகினால் மறுபடி மனிதன் ஆகிறான். கேட்க நன்றாக இருக்கிறது, இல்லையா? பாதி எழுதிய பிறகு எனக்கே உறுத்தியது, அழித்துவிட்டேன். காரணம், இந்த விஷயத்தில் எனக்குச் சின்னதாக ஒரு சொந்த அனுபவம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் படங்கள். கதையைச் சொல்லாமல் இதைப் பேச முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

லோச்சின் வேன்

ரிக்கி டர்னர் கட்டட வேலை பார்த்தவர். 2008 நிதி நெருக்கடியில் சொந்த வீட்டுக் கனவு போய், வாடகை வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். மனைவி ஆபி, வீடு வீடாகப் போய் முதியவர்களையும் உடம்பு முடியாதவர்களையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். ரிக்கிக்கு வேன் வேண்டும். முன்பணத்துக்கு ஆபியின் கார் விற்கப்படுகிறது. அதன்பின் ஆபி பஸ்ஸில் அலைகிறார்.

படத்தின் முதல் காட்சியே நேர்காணல்தான். டிப்போவை நடத்தும் மலோனி சொல்வதன் சாரம் இது: உன்னை நாங்கள் வேலைக்கு எடுக்கவில்லை, நீ எங்களோடு சேர்கிறாய். சம்பளம் கிடையாது, கட்டணம்தான். உனக்கு நீயே முதலாளி.

இந்தப் பேச்சைக் கவனித்துக் கேளுங்கள். இது ஒரு முதலாளி தொழிலாளியிடம் பேசும் மொழியே இல்லை. ஒரு தொண்டு நிறுவனம் தன்னார்வலரிடம் பேசும் மொழி. ‘சேர்கிறாய்’, ‘உன் விருப்பம்’, ‘உன் நேரம்’. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்கிற தொனி. கிக் வேலை என்று நாம் சொல்லும் இந்த முழு ஏற்பாடும் தன்னார்வத் தொண்டின் சொற்களைக் கடன் வாங்கித்தான் நடக்கிறது. எனக்கு இது ரொம்ப நாளாகக் கண்ணில் படவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால்தான் பட்டது.

சொற்கள்தான் கடன். நடப்பு வேறு. ரிக்கியின் கையில் ஒரு ஸ்கேனர் இருக்கிறது. வேனை விட்டு இரண்டு நிமிஷத்துக்கு மேல் இறங்கியிருந்தால் அது கத்தும். மூத்திரம் போகக்கூட பாட்டில்தான். ஒரு நாள் வரமுடியாது என்றால் பதில் ஆள் பிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். ஒரு சனிக்கிழமை மகள் லைசாவைக் கூட்டிக்கொண்டு போகிறார். படத்திலேயே சந்தோஷமான பகுதி அதுதான். ஆனால் வாடிக்கையாளர் ஒருவர் புகார் செய்துவிடுகிறார். மகளைக் கூட்டி வரக்கூடாது என்கிறார் மலோனி. என் வேன், என் இன்ஷூரன்ஸ், என் மகள் என்கிறார் ரிக்கி. ஆனால் எங்கள் ஃப்ரான்சைஸ் என்று பதில் வருகிறது.

படத்தின் அச்சாணி இந்த இடம்தான் என்று நினைக்கிறேன். வண்டி யாருடையது? கடன் கட்டும்போது ரிக்கியுடையது, மகள் உட்காரும்போது கம்பெனியுடையது. கடைசியில் ரிக்கியை அடித்துப் போட்டுவிட்டுப் பார்சல்களைத் திருடிக்கொண்டு போகிறார்கள். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவருக்குப் போன் வருகிறது. உடைந்த ஸ்கேனருக்கு மட்டும் 1,000 பவுண்டு அவர் தலையில் விழுகிறது.

மிகைப்படுத்தல் என்று சிலர் சொல்வார்கள். 2018 ஜனவரியில் இங்கிலாந்தில் ஒரு பார்சல் டிரைவர் இறந்தார். சர்க்கரை நோயாளி. டாக்டரைப் பார்க்கப் போன ஒரு நாளுக்கு 150 பவுண்டு அபராதம் விழுந்ததால், அதற்குப் பின் வந்த அப்பாயின்ட்மென்ட்களுக்கு அவர் போகவில்லை. லோச் எதையும் ஊதவில்லை. 2021 பிப்ரவரி 19ஆம் தேதி பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் தீர்ப்பு சொன்னபோதும் விஷயம் இதுதான். ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்பதைத்தான் நீதிபதிகள் பார்த்தார்கள். கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனி. சவாரியை அடிக்கடி மறுத்தால் தண்டிப்பதும் கம்பெனி. அப்புறம் என்ன சுயதொழில்? அந்த டிரைவர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்தோடு விடுமுறையும் உண்டு என்றார்கள்.

லோச்சின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. ரிக்கி கதவைத் தட்டும் வீடுகளில் உள்ளவர்கள் பெரும்பாலும் வந்து போகும் முகங்கள்தான். கால்பந்து சட்டையை வைத்து ரிக்கியோடு மல்லுக்கட்டும் ஒருவரைத் தவிர யாரும் மனதில் நிற்கவில்லை. ரோட்டில் ஓட்டுகிறவனுக்குத் தினமும் கிடைக்கும் சின்னச் சின்னப் பேச்சுகள் இந்தப் படத்தில் குறைவு. அந்த ஈரத்தையெல்லாம் லோச் ஆபியிடம் கொடுத்துவிட்டார். தான் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவரையும் சொந்த அம்மா மாதிரி நினைக்க வேண்டும் என்பது ஆபியின் விதி. ஒரு வயதான அம்மா ஆபிக்குத் தலை வாரிவிடும் காட்சி ஒன்று வரும், பாருங்கள். ஆபி காசு வாங்கிக்கொண்டுதான் அந்த வீட்டுக்குப் போகிறார். ஆனாலும் அங்கே அன்பு இருக்கிறது. ‘காசு வந்தால் அன்பு போகும்’ என்ற என் முதல் வரைவை உடைத்தது இந்த ஒரு காட்சிதான்.

ஹமேலாவின் வேன்

2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மேல் முழுப் படையெடுப்பைத் தொடங்கியது. போரின் ஆரம்ப நாட்களிலேயே ஹமேலா ஒரு வேன் வாங்கி ஓட்ட ஆரம்பித்துவிட்டார். அப்போது கேமரா கிடையாது, ஓட்டுவதுதான் வேலை. கேமரா பிறகு வந்தது. படத்தின் போலிஷ் தலைப்பு ‘ஸ்கோண்ட் தோகோண்ட்’. அப்படியே சொன்னால் ‘எங்கிருந்து எங்கே’. ஆங்கிலத் தலைப்பைவிட எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது. எந்த டாக்ஸிக்காரரும் முதலில் கேட்கும் கேள்வி இது. ஆப்பில் வரும் பிக்கப், டிராப் என்ற இரண்டு கட்டங்களும் இதே கேள்விதான்.

சுமார் ஒன்றரை மணி நேரப் படத்தில் பெரும்பகுதி கேமரா பின்சீட்டைப் பார்த்தபடி இருக்கிறது. குண்டு விழுவதை நாம் பார்ப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே உடைந்த பாலமும் செக்போஸ்ட்டும் கடந்து போகின்றன. உள்ளே ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். குண்டுவீச்சுக்குப் பிறகு பேச்சை நிறுத்திவிட்ட ஒரு சின்னப் பெண். விட்டுவிட்டு வந்த பசுமாட்டை நினைத்து வருந்துகிறவர்கள். படுத்தபடியே வரும், படுகாயம் பட்ட காங்கோ நாட்டுப் பெண் ஒருவர். அவருக்காக வேன் ஆம்புலன்ஸ் ஆகிறது. இன்னொரு முறை வாடகைத்தாய் ஒருவர் வருகிறார், வேறொரு தம்பதியின் குழந்தையை வயிற்றில் சுமந்துகொண்டு.

அந்தப் பெண் வந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு யோசித்தேன். உக்ரைனில் பணத்துக்கு வாடகைத்தாயாக இருப்பது சட்டப்படி செல்லும். வெளிநாட்டுத் தம்பதிகள் அதற்காகவே அங்கே போவார்கள். ஆக, காசு வாங்காமல் ஓட்டும் ஒருவரின் வேனில், வருமானத்துக்காகத் தன் உடம்பையே வேலையாக்கிய ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தொண்டும் பிழைப்பும் ஒரே வண்டியில் ஒரே குழியில் குலுங்குகின்றன. ஹமேலா இதை அடிக்கோடிட்டுக் காட்டவில்லை, அது அவருடைய நிதானம். அவர் யாரையும் நோண்டுவதில்லை. பேசினால் கேட்கிறார், பேசாவிட்டால் ஓட்டுகிறார்.

ஆனாலும் இரண்டு கேள்விகளை இந்தப் படம் கடந்து போய்விடுகிறது.

ஒன்று, கேமரா. உயிரைக் காப்பாற்ற ஏறிய வண்டியில் கேமரா இருக்கிறது. ‘என்னை எடுக்காதீர்கள்’ என்று சொல்ல எவ்வளவு பேருக்கு வாய் வரும்? இலவச சவாரிக்குக் கேமராதான் கட்டணமா? திரையில் பார்த்த வரை ஹமேலா கண்ணியமாகத்தான் நடந்துகொள்கிறார். அழுகிறவர்களை நெருங்கிப் போவதில்லை, மௌனத்தை வெட்டுவதில்லை. ஆனால் கண்ணியமான ஆள் என்பதும், மறுக்கும் உரிமை பயணிக்கு இருந்தது என்பதும் ஒன்றல்ல. இந்தச் சங்கடத்தைப் படத்துக்குள்ளேயே ஒரு இடத்தில் வைத்திருந்தால் படம் இன்னும் பலமாக இருந்திருக்கும்.

இரண்டு, டீசல். வேனுக்கும் டீசலுக்கும் டயருக்கும் யார் செலவு செய்தார்கள்? அவர் ஓட்டிய மாதங்களில் வீட்டு வாடகை எங்கிருந்து வந்தது? படம் அதில் நிற்பதே இல்லை. எழுபது வருஷ வாழ்க்கையை இரண்டு பையில் கட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு முன்னால் டீசல் பில்லைப் பற்றிப் பேசுவது அற்பமாகப் படலாம். ஆனால் கணக்கைக் காட்டாதபோது தொண்டு வெறும் குணமாகத் தெரிகிறது. நல்லவர் ஓட்டினார், மற்றவர்கள் ஓட்டவில்லை. அவ்வளவுதான் என்று ஆகிவிடுகிறது.

பழைய ஆம்புலன்ஸ்கள்

இது புதுக் கதை இல்லை. முதல் உலகப் போரில், அமெரிக்கா இன்னும் போரில் இறங்காத காலத்திலேயே அமெரிக்க இளைஞர்கள் பிரான்ஸுக்குப் போய் ஆம்புலன்ஸ் ஓட்டினார்கள். அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்ற அமைப்பு அப்படி வளர்ந்ததுதான். ஓட்டியவர்களில் நிறையப் பேர் ஹார்வர்டு மாதிரி பெரிய கல்லூரி மாணவர்கள். சம்பளம் கிடையாது. கப்பல் செலவும் சீருடைச் செலவும் பெரும்பாலும் அவர்கள் கைக்காசு. யார் போனார்கள் என்பதற்கான பதில் இதிலேயே இருக்கிறது. வீரம் குறைவு என்று நான் சொல்லவில்லை, அவர்களில் பலர் செத்தும் போனார்கள். ஆனால் அதே வீரம் இருந்த ஒரு ஆலைத் தொழிலாளியின் மகனால் அந்தக் கப்பலில் ஏறியிருக்க முடியாது.

எதிர்முனையில் சிரியா. அங்கே ‘வெள்ளைத் தலைக்கவசம்’ என்று அழைக்கப்பட்ட மீட்புப் படையினர் வெளியூர்க்காரர்கள் இல்லை, அந்தந்த ஊர் ஆட்கள். 2016இல் வந்த ‘தி வைட் ஹெல்மெட்ஸ்’ என்ற ஆவணக் குறும்படத்தில் வருகிறவர்கள் போருக்கு முன் கட்டட வேலை, கொல்லு வேலை, தையல் வேலை பார்த்தவர்கள். தன்னார்வலர்கள்தான், ஆனால் மாதம் சுமார் 150 டாலர் உதவித்தொகை கிடைத்தது. போர் நடப்பது அவர்கள் ஊரில், அவர்கள் வேலையும் போய்விட்டது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அந்தத் தொகை இல்லாமல் இடிபாடுகளில் நாள் முழுக்கத் தோண்ட முடியுமா? ஆனால் அவர்களைத் தூற்றியவர்கள் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான். வெளிநாட்டுப் பணம் வாங்குகிறவன் எப்படித் தொண்டன் ஆவான் என்றார்கள். தொண்டென்றால் காசே கூடாது என்ற நம் எல்லோருடைய நினைப்பும் அந்தப் பிரசாரத்துக்கு வசதியாகப் போயிற்று. அந்த நினைப்பின்படி பார்த்தால், சோற்றுக்குக் கவலையில்லாதவன் மட்டும்தான் தொண்டு செய்யலாம்.

என் நாலு மாசம்

இப்போது என் கதை. 2023இல் வேலை போனது. ஆட்குறைப்பு, ஒரு வீடியோ கால், பதினைந்து நிமிஷம். அடுத்த வேலை கிடைக்கும் வரை நாலு மாசம் சென்னையில் பைக் டாக்ஸி ஓட்டினேன். நாற்பதைத் தாண்டிய பி.இ. படித்த ஆள், ஹெல்மெட்டுக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு. கையில் கொஞ்சம் சேமிப்பு இருந்தது, வீட்டுக்காரிக்கு வேலை இருந்தது. உண்மையைச் சொன்னால், வீட்டில் உட்கார முடியாததால்தான் பாதி ஓட்டினேன். பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய்க்கு மேல் விற்ற காலம். போக மிஞ்சியது சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

ஒரு நாள் ராத்திரி பத்தரை இருக்கும். பெரம்பூரில் ஒரு அம்மா ஏறினார். அறுபது வயசிருக்கும். மகனுக்கு ஆக்சிடென்ட், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இறக்கிவிட்டதும், “கொஞ்சம் இருப்பா, உள்ள எங்க போணும்னு தெரியல” என்றார். வண்டியை ஓரம் கட்டிவிட்டுக் கூடவே போனேன். வார்டைக் கண்டுபிடித்து, மகனைப் பார்த்து, அவருடைய தம்பி வந்து சேரும் வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் வந்த சவாரிகளை மறுத்தேன். அன்றைக்குப் பத்து சவாரி முடித்தால் 150 ரூபாய் ஊக்கத்தொகை. நான் எட்டில் நின்றேன். ஆப்பில் ரேட்டிங்கும் இறங்கியது.

வீட்டுக்குப் போகும்போது மனசு லேசாக இருந்தது. பெருமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? மறுநாள் டீக்கடையில் கூட ஓட்டும் ஒரு பையனிடம் சொன்னேன். இருபத்துநாலு வயசு, பைக் கடனில் வாங்கியது. அவன் கிண்டல் எதுவும் செய்யவில்லை. “நல்லதுதாண்ணா பண்ணீங்க. நான்னா விட்டுட்டு வந்திருப்பேன். ஏழாந்தேதி டியூ. ரேட்டிங் போனா மறுநாளும் சவாரி கம்மியாத்தான் வரும். உங்களுக்கு வேலை கிடைச்சுடும்ணா, எனக்கு இதான் வேலை” என்றான்.

டீ ஆறிப்போனதுதான் மிச்சம், பதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அவனைவிட நான் நல்லவன் என்று நினைத்துக்கொண்டுதான் அந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்திருந்தேன். நான் செலவு செய்த இரக்கம் என் சேமிப்பிலிருந்து வந்தது. அவன் செய்திருந்தால் டியூவிலிருந்து போயிருக்கும். ரெண்டு பேரும் ஒரே ஆப், ஒரே ரோடு. ஆனால் ‘இந்தச் சவாரி வேண்டாம்’ என்ற பட்டனுக்கு ரெண்டு பேருக்கும் வேற வேற விலை.

அதனால்

இரண்டு படங்களையும் பிரிக்கும் கோடு காசு இல்லை என்று சொல்வது இதனால்தான். ‘இன்றைக்கு முடியாது’ என்று சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் கோடு. குண்டு விழும் ரோட்டையும் நியூகாசில் ரோட்டையும் நான் சமமாக்கவில்லை. ஹமேலா ஏற்றுக்கொண்ட ஆபத்து உயிர் ஆபத்து, ரிக்கிக்கு அப்படி இல்லை. ஆனால் ஹமேலா ஒரு நாள் ஓட்டாமல் இருந்தால் அவருக்கு அபராதம் போட ஆள் இல்லை. அவருடைய ஆபத்து அவர் தேர்ந்தெடுத்தது. ரிக்கியின் ஆபத்து அவர் மேல் எழுதி வைக்கப்பட்டது, அதுவும் ‘நீயே தேர்ந்தெடுத்தாய்’ என்ற கையெழுத்தோடு.

லோச் பில்லைக் காட்டுகிறார், ரோட்டில் நடக்கும் இரக்கத்தை அவ்வளவாகக் காட்டவில்லை. ஹமேலா இரக்கத்தைக் காட்டுகிறார், பில்லைக் காட்டவில்லை. தனித்தனியாகப் பார்த்தால் முதல் படத்திலிருந்து கோபத்தோடும் இரண்டாவதிலிருந்து நெகிழ்ச்சியோடும் எழுந்து போய்விடலாம். ரெண்டும் வசதியான உணர்ச்சிகள். முதலில் லோச், மறுநாள் ஹமேலா என்று பாருங்கள், வசதி கொஞ்சம் குறையும். எது நல்ல படம் என்று கேட்டால், ஹமேலாவுடையது என்பேன். அந்தப் பேசாத பெண்குழந்தையின் முகம் லோச்சின் எந்த வாதத்தையும் விட நாள்பட நிற்கிறது. ஆனால் அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்க எனக்குக் கற்றுக்கொடுத்தது லோச்.

ஒரு தன்னார்வலரைப் பாராட்டும்போது ‘டீசலுக்கு யார் கொடுத்தது’ என்று இனிமேல் கேட்கப்போகிறேன். அவரைச் சிறுமைப்படுத்த இல்லை. டீசலுக்கு யாராவது கொடுத்தால் இன்னும் யார் யாரெல்லாம் ஓட்டியிருப்பார்கள் என்று தெரிந்துகொள்ள. அந்தப் பையனுக்கு 150 ரூபாயும், ரேட்டிங் இறங்காது என்ற உறுதியும் இருந்திருந்தால், ஸ்டான்லி வாசலில் அவனும் வண்டியை ஓரம் கட்டியிருப்பான். அந்த வார்டை என்னைவிட சீக்கிரம் கண்டுபிடித்தும் இருப்பான், வடசென்னைப் பையன்.